ஒரு ஜோடிக் கால், இரண்டு ஒற்றையடிப் பாதை

வெள்ளிக்கிழமை, இரவு. வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம்.

மால்டாவுக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். “வயித்தெரிச்சல் படறதுக்கு இம்மாந்தூரம் போவணுமா? அதை இங்கியே குந்திகினு படலாமே.” என்னை நன்றாக அறிந்தவள். பக்கத்துக் கடைக்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டினாலே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிறவன் நான். பெயர் சுல்தான். பெயரில் மட்டும்தான் சுல்தான்.

போவது தேசிங்கைப் பார்க்க. திருவொற்றியூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோஸ்து. எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன், படகு எஞ்சின் மெக்கானிக். பல வருஷங்களுக்கு முன் வீட்டைப் பூட்டிவிட்டு மால்டாவை அடுத்த கோஸோ தீவுக்கு வேலைக்குப் போனான். பிறகு மனைவி மல்லிகாவையும் அழைத்துக்கொண்டான். வாரத்துக்கு ஒரு போட்டோ அனுப்புவான். எல்லாப் போட்டோவிலும் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கும். மஞ்சள் பூ, கல் சுவர், தூரத்தில் நீலக் கடல். “டெய்லி இதுலதான் மாமு வேலைக்குப் போறேன்” என்று கீழே எழுதியிருப்பான். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

வேடிக்கை பார்க்க மட்டும் நான் போகவில்லை. தேசிங்கின் குப்பத்திலும் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. என்னிடம் வலை வாங்குகிற குப்பம் அது, அதனால் எனக்கும் அது எங்கள் பாதைதான். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்காரர்களுக்கு மெயின் ரோட்டோரம் தொகுப்பு வீடு கொடுத்தார்கள். படகுகள் மட்டும் முகத்துவாரத்திலேயே நின்றுவிட்டன. வீட்டையும் படகையும் இணைப்பது அந்தப் பாதைதான். இருபக்கமும் கம்பெனி மதில், நடுவே ஆள் அகலம். கரைக்குப் போனால் பழைய வலைக்கொட்டகையும், அதற்கருகே பூட்டிக் கிடக்கும் தேசிங்கின் வீடும். பாதைக்குக் குறுக்கே சுவர் வைத்துக் கன்டெய்னர் யார்டு கட்டுவதற்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. முதல் விசாரணை எங்களுக்குச் சாதகமாக முடியவில்லை. அடுத்தது மே மாதம். “தேசிங்கு வந்து அந்த வூட்ல குடியிருந்தா பாதையை மூட முடியாது. நீ போயி இட்டாந்துடு பாய்” என்றார் குப்பத்துத் தலைவர். ஆக, நான் ஒரு தூதன். விமான நிலையத்துக்கு மெட்ரோ கட்டணம் நாற்பது ரூபாய் கொடுத்துத் தூது கிளம்பினேன்.

சனிக்கிழமை, பிற்பகல். மால்டா.

துபாயில் விமானம் மாறி, சைப்ரஸில் இறங்காமலேயே ஒரு மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்து, மால்டா வந்து சேர்ந்தேன். படகுத்துறை இருக்கும் சிர்கெவாவுக்கு நேரடிப் பேருந்து. கட்டணம் இரண்டரை யூரோ, நம் கணக்கில் இருநூற்றைம்பது ரூபாய் பக்கம். அந்தக் காசுக்கு ராயபுரத்தில் நான்கு பேர் பிரியாணி சாப்பிடலாம் என்று முனகிக்கொண்டே நீட்டினேன். ஓட்டுநர் சிரித்தார். கொல்லத்துக்காரர்.

“சென்னையா? நடக்கவா வந்தீங்க?” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

“நடக்கறதுக்கு யாராவது ஃப்ளைட்ல வருவாங்களா?”

“இங்க அதுக்குத்தான் வர்றாங்க. வயல் நடுவுல பழைய பாதை நிறைய இருக்கு. ஒரு வாரம் நடந்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. எனக்குத்தான் இதுவரைக்கும் நேரம் கிடைக்கல.”

சிர்கெவாவிலிருந்து கோஸோவுக்குப் படகில் இருபத்தைந்து நிமிஷம். ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்கவில்லை. தீவைவிட்டுத் திரும்பும்போதுதான் போக வரச் சேர்த்து நான்கு யூரோ அறுபத்தைந்து சென்ட் வாங்குவார்களாம். வந்தவன் எப்படியும் திரும்பிப் போவான் என்ற தைரியம். தேசிங்கு விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

துறையில் நின்றிருந்தான். ஆள் மெலிந்திருந்தான், ஆனால் கன்னம் சிவந்திருந்தது. தொப்பை காணாமல் போயிருந்தது. என் தொப்பை என்னோடு பத்திரமாக வந்திருந்தது.

“இன்னா மாமு, கிழவனாயிட்ட!” என்று கட்டிக்கொண்டான்.

“நீ மட்டும் இன்னா, மார்க்கண்டேயனா?” என்றேன். உள்ளுக்குள் எரிந்தது.

சனிக்கிழமை, மாலை.

தேசிங்கு இருக்கும் ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே ஒரு வழக்கு நடக்கிறது, பேரைப் போடாதே என்று அவனே கேட்டுக்கொண்டான். மேட்டில் பெரிய தேவாலயமும் தேன் நிற வீடுகளும் உள்ள சின்ன ஊர் அது. பேருந்து அங்கேயே நின்றுவிடும். அவன் வீடோ கீழே கடலோரத்தில், உப்புப் பாத்திகளுக்கு அருகே. வீடு என்றால் ஒரு கல் அறை, ஒரு சமையற்கட்டு. மேட்டிலிருந்து அங்கே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான்.

நன்றாக இல்லை என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. முடியவில்லை. ஏப்ரல் மாதம், இருபுறமும் இடுப்பளவு கல் சுவர். சுண்ணாம்பும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. கல்மேல் கல்லாக வெறுமனே அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது பாட்டுக்கு நிற்கிறது. இடுக்குகளில் சிவப்புப் பூ, சோம்புச் செடியின் வாசனை. சப்பாத்திக் கள்ளிகூட அங்கே மதிப்பாகத் தெரிந்தது. ஒரு வளைவில் தேசிங்கு நின்று, சுவரிலிருந்து உருண்டு கிடந்த கல்லை எடுத்து, இரண்டு முறை திருப்பிப் பார்த்துப் பொருத்தி வைத்தான். வேலையாள் வைப்பதுபோல் அல்ல, வீட்டில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்குவதுபோல.

“உன் சுவரா?” என்றேன்.

“யாரு நடக்கறாங்களோ அவங்க வெக்கணும். இந்த ஊரு பழக்கம்.”

கொஞ்ச தூரத்தில் பெரிய அவரைத் தோட்டம். நடந்தபடியே கையை நீட்டி இரண்டு காய் பறித்து ஒன்றை என்னிடம் கொடுத்தான். எனக்குப் பகீர் என்றது. வெளிநாட்டில் திருட்டுக் கேஸில் மாட்டினால் வலைக் கடையை யார் திறப்பது?

“பயப்படாத நைனா. பாதைல நின்னுகினு கை எட்டுற வரைக்கும் பறிக்கலாம். ஒரு கால் உள்ள வெச்சா மட்டும் திருட்டு.”

காய் இனித்தது. எங்கள் பாதையிலும் இதெல்லாம் உண்டு என்று சொல்லத் துடித்தேன். யோசித்துப் பார்த்தேன். எங்கள் பாதையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயும் மதில்மேல் பதித்த கண்ணாடித் துண்டும்தான். வாயை மூடிக்கொண்டு அவரைக்காயைத் தின்றேன்.

பாதி வழியில் இரும்புக் கேட் ஒன்று. பக்கத்துப் பாறையில், ‘சொந்தக்காரருக்கு மட்டும்’ என்பதன் சுருக்கமாக மூன்று ஆங்கில எழுத்துகள் வெள்ளை பெயின்டில். கேட்டில் பூட்டு இல்லை. தள்ளிக்கொண்டு போனோம்.

“இதான் கேஸு. நாளைக்கு நீயே பாரு” என்றான்.

ஞாயிறு, காலை.

பூசை முடிந்ததும் ஊரே பாதையில் இறங்கியது. கேட்டை வைத்தவர் பறவை சுடுகிறவர். சுடுகிற நேரத்தில் ஆட்கள் நடந்தால் பறவை கலைந்துவிடும் என்று வழியை மூடப் பார்த்தாராம். வழக்கு முடியும்வரை பூட்டக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். அதனால் ஞாயிறுதோறும் நடை. கோஷம் இல்லை, கொடி இல்லை. ரொட்டிக் கூடையும் நாயுமாக, எல்லாரும் கடைக்குப் போவதுபோல் நடந்தார்கள். முன்னால் நடந்தவர் ரீத்தா. ஊரில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் அம்மாள், ஐம்பது வயது இருக்கும்.

ரீத்தா எனக்கு ஆங்கிலத்தில் ஒவ்வொரு வளைவாக அறிமுகம் செய்தார். எல்லா வளைவுக்கும் பெயர் உண்டு. உப்பு மூட்டை சுமந்து வந்தவர்கள் இறக்கி வைத்த கல் இது. கல்யாணமாகிக் கீழிருந்து மேலே வந்த பெண் அம்மா வீட்டைக் கடைசியாகத் திரும்பிப் பார்க்கும் இடம் அது. கடலில் போனவன் வராவிட்டால் இந்தத் திருப்பத்தில் விளக்கு வைப்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயரைச் சொல்லாமல் சிரித்தார். காதலர்கள் சந்திக்கிற இடம் என்று தேசிங்கு காதில் சொன்னான்.

“நிலம் அவருடையதுதான். அதை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் நடந்து நடந்துதான் ஊரானது, அதைத்தான் பூட்டாதே என்கிறோம்” என்றார் ரீத்தா.

அந்த அம்மாவுக்கு எண்ணூரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பாதையில்தான் ஆடிக்கூழ்ப் பானை போகும், மாசி மகத்துக்குச் சாமி போகும், செத்தவனும் அதில்தான் போவான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். “அப்படியானால் உங்களுக்குப் புரியும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு எரிந்தது. அவர்களுடைய கேட் இன்னும் தள்ளினால் திறக்கிறது.

பிறகுதான் ரீத்தா அந்த விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாக நடப்பதெல்லாம் கணக்கில் வராது, தினசரித் தேவைக்கு நடக்கிறவர் யார் என்று எதிர்த்தரப்பு கேட்டதாம். ஊரே முழித்திருக்கிறது. அத்தனை பேரிடமும் கார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தேவாலயத்துக்கே காரில் போகிறவர்கள். அப்போது ரீத்தாவுக்கு ஞாபகம் வந்ததாம், தான் அடுப்பு மூட்டும் நேரத்தில் தினமும் கீழிருந்து டார்ச் வெளிச்சம் ஒன்று ஏறி வருவது. கார் வாங்க வசதியில்லாத எண்ணூர்க்காரன்.

“எங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி இவர்தான். மே மாதம் வந்து சொல்வார்” என்று தேசிங்கின் தோளில் தட்டினார்.

மே மாதம். என் முகம் போன போக்கைத் தேசிங்கு கவனித்துவிட்டான்.

ஞாயிறு, மாலை. உப்புப் பாத்திகள்.

கடலோரப் பாறையிலேயே வெட்டிய பாத்திகள், சதுரம் சதுரமாக. கோடையில் உப்பு எடுப்பார்களாம். அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் படிந்த உப்பளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சுத்தமே எரிச்சலாக இருந்தது. மல்லிகா வைத்த கானாங்கெளுத்திக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நானும் தேசிங்கும் பாத்தி வரப்பில் உட்கார்ந்தோம்.

“மொதோ விசாரணைல இன்னாதான் ஆச்சு? யாருமே சரியா சொல்ல மாட்டேன்றாங்க” என்றான்.

சொன்னேன். விசாரணையைக் கரையில் வலைக்கொட்டகையிலேயே வைத்தார்கள். அதிகாரி, இந்தப் பாதையைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நாற்பது ஐம்பது கை எழுந்தது, என்னுடையதும் சேர்த்து. அவர் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு எப்படி வந்தீங்க?” என்று கேட்டார். வெளியே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. அதிகாரி முன்னால் மரியாதையாக நிற்க வேண்டுமென்று எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி போட்டிருந்தோம். பாதையில் வந்தால் சாம்பல் ஒட்டுமே என்று, ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்து, புதுத் தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்திருந்தோம்.

தேசிங்கு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “பாதைக்குச் சாட்சி சொல்ல ஷேர் ஆட்டோல வந்தீங்களாடா!”

“சிரிக்காத. அப்பால அவரு கேட்டாரு, பாதை முடியற எடத்துல யாரு குடியிருக்காங்கன்னு. ஒரு வூடு கீது, பூட்டிக் கீதுன்னு தலைவர் சொல்லிட்டாரு. அதாலதான் வந்தேன். நீ ஊருக்கு வா.”

சிரிப்பு நின்றது. “மே மாசம் இங்க நா போவணும் மாமு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யாரு ஊட்டுப் பாதைக்கு யாரு சாட்சி? பொறந்த எடத்துல வூட்டைப் பூட்டிகினு வந்துட்ட. இங்க இவங்க கல்லை எடுத்து அடுக்கிகினு கீற. அவங்களுக்கு அவ்ளோ கார் கீது, உப்பு கீது, அவரைக்காய் கீது. நீயும் வேணுமா அவங்களுக்கு?”

“நானா போயி நிக்கல. அவங்கதான் தேடிகினு வந்தாங்க” என்றான் மெதுவாக. “எந்த ஊருக்காரன், இன்னாத்துக்கு வந்தன்னு ஒருத்தரும் கேக்கல. தெனம் நடக்கறியா, வந்து சொல்லுன்னு கேட்டாங்க. நா நடக்கறேன். அது நெசம். அங்க வந்து ஒரு மாசம் குந்திகினு, இங்கதான் குடியிருக்கேன்னு சொன்னா அது டூப்பு. மல்லிகா வேலை இங்க கீது. எனக்கும் இங்கதான்.”

நான் எழுந்து பாத்திகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தேன். அவன் சொன்னது சரி என்பதுதான் பொறுக்கவில்லை.

செவ்வாய், காலை. படகுத்துறை.

மேலே ஊரைக் கடக்கும்போது ரீத்தா ஒரு வட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “இவரை நீங்கள் அழைத்துப் போய்விடுவீர்களோ என்று எங்களுக்கெல்லாம் பயம்” என்றார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தப் பயம்தான். கழுத்தில் சிலுவை தொங்க, அவர்கள் மொழியில் ‘அல்லா’ என்று சொல்லி என்னை வாழ்த்தினார். கடவுளுக்கு அங்கே அதுதான் பெயராம். அதையும் வைத்திருக்கிறார்கள்.

துறையில் நான்கு யூரோ அறுபத்தைந்து சென்ட் கட்டினேன். தேசிங்கு கையசைத்துவிட்டு உடனே திரும்பி நடந்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, மாலை. எண்ணூர்.

தூது தோற்றதைத் தலைவரிடம் சொல்லப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும், தேசிங்கு சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. குப்பத்துக்குள் போகாமல் நேராகப் பாதையில் இறங்கினேன். வீம்புதான்.

முள் மண்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். யாரும் நடக்காத இடத்தைச் சீமைக் கருவேலம் ஒரே மழையில் மூடிவிடும். மூடவில்லை. நடுவே சாம்பல் மண் அமுங்கி, சிமென்ட் தரை மாதிரி இறுகியிருந்தது. பாதி தூரம் போனபோது எதிரே மதில் வளைவில் ஆட்கள் வந்தார்கள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் தூக்குச் சட்டி. பத்துப் பதினைந்து பேர், ஆணும் பெண்ணுமாக. என்னைப் பார்த்ததும் எல்லாரும் முள்ளுப் பக்கம் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள்.

கடைக்கு வரும் லாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய இந்தியில், எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். முன்னால் நின்ற பெண் பதில் சொன்னாள். ஒடிசாக்காரர்கள். ரோட்டுப் பக்கத்துக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற வேலை, இப்போது மாலை ஷிஃப்டுக்குப் போகிறார்கள். தங்கியிருப்பது கரையில், பூட்டிய வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில். இரண்டு வருஷமாகப் போக வர இந்தப் பாதைதான்.

தேசிங்கின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைகளை நான் பார்த்ததில்லையா? விசாரணையன்று ஷேர் ஆட்டோ அவற்றை ஒட்டித்தான் நின்றது. கொடியில் துணிகூடக் காய்ந்துகொண்டிருந்தது. பாதை முடிகிற இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டபோது, ஒரு வீடுதான், அதுவும் பூட்டியிருக்கிறது என்று சொன்ன தலைவருக்குப் பின்னால் நானும் தலையாட்டினேன்.

“விசாரணைக்கு ஏன் வரவில்லை?” என்றேன்.

“யாரும் கூப்பிடலை” என்றாள்.

மே மாதம் வந்து சொல்வாயா என்று கேட்டேன். சொன்னால் வேலை போகுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். கூட வந்தவர்களிடம் ஒரியாவில் ஏதோ பேசினாள். பின்னாலிருந்து ஒருவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் இருபுறத்து மதிலையும் பார்த்தாள். “இதை அடைத்தால் நாங்கள்தான் சுற்றிப் போகணும். வர்றேன்” என்றாள்.

ஓடாத குறையாகத் தலைவர் வீட்டுக்குத் திரும்பினேன். தேசிங்கு வரமாட்டான் என்பதையும், அதைவிடப் பெரிய சாட்சி கிடைத்துவிட்டது என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

“அவங்க நம்ம ஆளுங்களா பாய்?”

“அந்தத் தீவுல தேசிங்கப் பத்தி யாராவது இப்டி கேட்டாங்களா தலைவரே?” என்று கத்தினேன். இத்தனை நாளும் அந்தத் தீவிடம் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ, அது பூவும் இல்லை, உப்பும் இல்லை. இதுதான்.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“செரி. நாமளே அவங்க கொட்டாய்க்குப் போயி, வேலை முடிஞ்சி வர்ற வரைக்கும் இருந்து கூப்பிடுவோம். மரியாதையா கூப்பிடணும்” என்றார். “அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

அவள் ஊரைக் கேட்டிருந்தேன், வேலையைக் கேட்டிருந்தேன், அந்த வேலையையே பணயம் வைக்கச் சொல்லியிருந்தேன்.

“கேக்கல” என்றேன்.

தலைவர் எழுந்து செருப்பை மாட்டினார். இரண்டு பேரும் பாதையில் இறங்கினோம்.